பழைய கடைவீட்டின் மேல்தளம் தாங்குமா? நீங்களே பார்த்துக்கொள்ளும் முறை

பினாங்கு ஜார்ஜ்டவுனில் கீழே கடை, மேலே வீடு என்று இருக்கும் பழைய கடைவீடு ஒன்றை வாடகைக்கோ விலைக்கோ பார்க்கப் போகிறீர்கள் என்றால், எடுத்ததும் மாடி ஏறாதீர்கள். கீழே நின்று அண்ணாந்து பாருங்கள். புது பெயின்ட், வினைல் தரை எல்லாம் மேலே. மரத்தின் உண்மை நிலவரம் அடிப்பக்கத்தில்தான்.

அமைப்பு எளிதுதான். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டோடு பொதுவான செங்கல் சுவர், நடுவே ஐந்தாறு மீட்டர் அகலம், இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு உத்திரங்கள், அவற்றின் மேல் பலகை. உத்திரம் செங்கால் மரமாக, அதாவது எளிதில் உளுக்காத உறுதியான மலேசிய மரமாக, இருந்தால் அதிர்ஷ்டம். (ஆசாரி சீட்டில் எழுதிக் கொடுத்த ‘செங்கால்’ என்பதை என் தம்பி செங்கல் என்று வாசித்து, கல் விலை விசாரித்துவிட்டு வந்தான்.) பொய்க்கூரை அடித்து மறைத்திருந்தால், மேலே பலகையில் ஆணி வரிசை ஓடும் இடத்துக்கு நேர் கீழேதான் உத்திரம். சுவரோரமாக ஒரு ஷீட்டைக் கழற்றச் சொல்லுங்கள். அதற்கே ஒத்துக்கொள்ளாத ஓனரிடம் நான் மேற்கொண்டு பேசுவதில்லை.

சுவரோரம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், உத்திரம் நடுவில் உளுத்து விழுவது அபூர்வம், சுவருக்குள் புதைந்திருக்கும் முனைதான் முதலில் போகும். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை இழுத்து வெளியே விடும். அதன் மேல் சிமென்ட் பூசிவிட்டால் ஈரம் உள்ளேயே தங்கி மரத்தின் தலையை ஊறவைக்கும். எங்கள் மாமா கடையில் மேலே பார்த்தால் பளபளவென்று பழுப்பு பெயின்ட், ஒரு குறை தெரியாது. சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளித் திருப்புளியை வைத்து அழுத்தினேன், வெண்ணெயில் போவது போலப் பிடி வரை இறங்கியது. பெயின்ட் தோல் மட்டும்தான் மிச்சம், உள்ளே ஈரமான புட்டு. நல்ல மரத்தில் திருப்புளி இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் நுழையாது. சுத்தியலால் தட்டினால் ‘டங்’ என்று கேட்க வேண்டும், ‘பொத்’ என்றால் சந்தேகப்படுங்கள். ஈரமானி கிடைத்தால் இன்னும் நல்லது, 20 சதவீதத்தைத் தாண்டினால் அந்த இடம் உளுக்கத் தோதானது.

எல்லா முனையையும் பார்க்க நேரமில்லை என்றால் தண்ணீர் இருக்கும் இடத்திலிருந்து ஆரம்பியுங்கள்: முற்றத்தைச் சுற்றி, மழைநீர்க் குழாய் இறங்கும் மூலை, மாடிக் குளியலறைக்கு அடியில். பக்கத்து வீட்டையும் விடாதீர்கள். சுவர் பொது என்பதால் அவர்கள் கூரை ஒழுகினால் உங்கள் உத்திரமும் நனையும்.

குளியலறை என்றதும் எனக்கு வயிற்றெரிச்சல்தான். மரத்தளத்தின் மேல் 50 மில்லிமீட்டர் சிமென்ட் போட்டாலே சதுர மீட்டருக்கு 100 கிலோவுக்கு மேல். வீட்டுத் தளத்துக்கு ஆளும் சாமானும் சேர்த்துக் கணக்கில் எடுக்கும் பாரமே சுமார் 150 கிலோதான். போதாததற்குக் குழாய் போக உத்திரத்தின் அடிவயிற்றை வெட்டியிருப்பார்கள். நடுப்பகுதியில் அடிவிளிம்பை வெட்டியிருந்தால், அது எவ்வளவு சின்ன வெட்டாக இருந்தாலும் குறித்துக்கொள்ளுங்கள்.

கரையான் இரண்டு விதம். மண்ணிலிருந்து வருவது சுவரில் பென்சில் கனத்துக்கு மண்கோடு போட்டு ஏறும். காய்ந்த மரத்திலேயே குடியிருப்பது கீழே கசகசா மாதிரித் துகள் கொட்டும். கூட்டித் தள்ளிவிட்டு மறுநாள் வந்து பாருங்கள், மறுபடி கொட்டியிருந்தால் ஆள் உள்ளேதான் இருக்கிறது.

அப்புறம் தொய்வு. உத்திரத்தின் அடியில் முனைக்கு முனை நூல் பிடியுங்கள். புதுத் தளத்துக்கு நீளத்தில் 360-ல் ஒரு பங்கு, அதாவது 5 மீட்டருக்கு 14 மில்லிமீட்டர், வழக்கமான எல்லை. பழைய வீடு இதைத் தாண்டியிருந்தால் உடனே பதறாதீர்கள். எல்லா உத்திரமும் ஒரே மாதிரி வளைந்திருந்தால் அது வயசு. ஒன்று மட்டும் தனியாக இறங்கியிருந்தால் அதன் முனையை மறுபடி குத்திப் பாருங்கள்.

யாராவது இரும்பு முட்டு கொடுத்திருந்தால் அது எதன் மேல் நிற்கிறது என்று பார்ப்பது முக்கியம். வெறும் டைல்ஸ் மேல் நின்று டைல்ஸ் விரிசல் விட்டிருந்தால், பாரத்தை முட்டு வாங்குகிறது, ஆனால் தரை வாங்கவில்லை. முற்றத்தோரத் தூணின் அடியையும் திருப்புளியால் குத்துங்கள், தினமும் கழுவிவிடும் தண்ணீர் அங்கேதான் தேங்கும்.

கடைசியாக, ஒவ்வொரு உத்திரத்துக்கும் சாக்பீஸால் எண் போட்டு இரண்டு முனையையும் படம் எடுங்கள். திருப்புளி இறங்கிய எண்கள் இரண்டு மூன்று சேர்ந்தாற்போல் வந்தால், அந்தப் பகுதியில் சாமான் ஏற்றாமல், பதிவு பெற்ற எஞ்சினியரைக் கூப்பிட்டுப் படங்களைக் காட்டுங்கள். 2008-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பாரம்பரியப் பகுதிக்குள் வீடு இருந்தால், எதையும் உடைக்கும் முன் மாநகர் மன்றத்தில் அனுமதி கேட்டுவிடுங்கள்.