முதன்முதல் தூண்டில் போட வரும் சினேகிதனும் கூட்டிப்போகிறவர் விடும் பிழைகளும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருசம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. வழுக்கியாறு மாரிக்கு மட்டும் ஓடி அராலிப் பக்கம் கடலில் விழும். ஊர்க்குளங்கள் பலதும் கோடையில் வற்றிவிடும். அதனால் நன்னீர் மீனுக்கென்று கிளம்பும் யாழ்ப்பாணத்தார் பலர் ஏ-9 வீதியால் ஆனையிறவு தாண்டி இரணைமடுக் குளத்துப் பக்கம் போகிறார்கள். அவ்வளவு தூரம் ஒரு புதியவனைக் கூட்டிக்கொண்டு போனால் அன்றைய நாள் அவனுடையது. பிழைகளில் பாதி, கூட்டிப்போகிறவர் இதை மறப்பதால் வருவதுதான்.

எடுத்த எடுப்பில் விராலுக்குப் போகவேண்டாம். அது பாசிக்குள் பதுங்கிக் கிடந்து திடீரென்று அடிக்கும். கை பழகாதவன் வெறும் தங்கூசியோடு (தூண்டில் நைலோன் நூல்) நிற்பான். ஒரு தடி, சின்ன முள்ளு, மிதப்பு, நாக்கிளிப்புழுவில் (மண்புழு) ஒரு துண்டு போதும். கரையோரத்துக் கெண்டையும் திலாப்பியாவும் அவனுக்குப் பாடம் சொல்லும். மிதப்பு முதலில் துடிக்கும். அது மீன் கொறிக்கிற நேரம். பிறகு பக்கவாட்டில் இழுபட்டுத் தாழும்போதுதான் தடியைத் தூக்கவேண்டும். அந்த இடைவெளியில் பொறுக்கப் பழக்குவதுதான் முழு வேலையும். அப்போது "இஞ்ச கொண்டா, நான் எடுத்துத் தாறன்" என்று தடியைப் பறிக்காதீர்கள். மீன் தப்பினால் தப்பட்டும்.

மீன் கரைக்கு வந்ததும் அவன் ஆசையில் வெறுங்கையால் பொத்திப் பிடிப்பான். கெளுத்திக்கு முதுகிலும் இரண்டு பக்கச் செட்டையிலும் முள் உண்டு. அதைப்போல மீசையுள்ள சுங்கானுக்குப் பக்கச் செட்டைகளில் முள் உண்டு. சுங்கானின் முள்ளில் நஞ்சு இருக்கிறது. குத்தினால் கை முழுக்கக் கடுக்கும். ஈரத்துணியும் குறடும் பக்கத்தில் இருக்கட்டும். தேத்தண்ணிக்குக் கொண்டுபோகும் சுடுதண்ணீரில் கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள். குத்துப்பட்ட இடத்தைத் தாங்கக்கூடிய சூட்டில் அரைமணி நேரமாவது அமிழ்த்தி வைத்தால் வலி தணியும். சூட்டை முதலில் உங்கள் கையால் பாருங்கள், வலியில் இருப்பவனுக்குச் சூடு தெரியாது. முள் முறிந்து உள்ளே நின்றாலோ வீக்கம் ஏறினாலோ ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

எனக்கு மிகவும் மனம் நோகிற பிழை ஒன்று உண்டு. மாரியில் தண்ணீரின் மேல் செம்மஞ்சள் நிறத்தில் குஞ்சுக் கூட்டம் ஒன்று கொதிப்பதுபோல் அசையும். அடியில் தாய் விராலோ தகப்பனோ காவல் நிற்கும். அதன்மேல் தூண்டில் போட்டால் பசிக்காக இல்லாமல் குஞ்சைக் காக்கவே பாய்ந்து கடிக்கும், சுலபமாக அகப்படும். அதைத் தூக்கிவிட்டால் காவலில்லாத குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்றுவிடும். புதியவன் அதைக் கண்டு துள்ளுவான். அவனை மறித்து, அது என்னவென்று காட்டுங்கள். திலாப்பியாவும் வாய்க்குள் முட்டையைச் சுமக்கும். வாயில் மஞ்சள் முட்டைகள் தெரிந்தால் உடனே தண்ணீரில் விட்டுவிடுங்கள்.

குளம் நிரம்பி, மிஞ்சும் தண்ணீரை வெளியேற்றும் வான்கதவு திறக்கும் காலத்தில் அதற்குக் கீழே நிற்கக்கூடாது. வன்னிக் குளங்களில் முதலையும் இருக்கிறது, ஆகவே முழங்கால் தண்ணீரில் இறங்கி மீன் பிடிக்கும் எண்ணமே வேண்டாம். காலில் புண்ணோடு சேற்றில் இறங்கினால் வேறு ஆபத்து. 2024 டிசம்பரில் மழைவெள்ளத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் பரவி உயிர்கள் போனதை மறக்கவேண்டாம். சேற்று வேலை செய்வோருக்குக் கொடுக்கும் டொக்சிசைக்கிளின் குளிசை பற்றி, போகமுன் உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேளுங்கள். வந்தபின் காய்ச்சலும் தசைநோவும் கண்டால் குளத்துக்குப் போனதை வைத்தியரிடம் சொல்லவேண்டும்.

குளத்தை நம்பித் தொழில் செய்யும் மீனவர் சங்கத்தாரிடம் கேட்டுவிட்டே தூண்டில் போடுங்கள். அவர்களுடைய வலைக்குப் பக்கத்தில் போகாதீர்கள். அறுந்த தங்கூசியைப் புல்லில் எறிந்தால் கொக்கின் காலில் சுற்றும். அதைச் சுருட்டிப் பைக்குள் வைப்பதைப் புதியவனிடமே விடுங்கள்.