விளையாட்டுக்குள் தேர்வு வைக்காதீர்கள்

மூன்று வயதுக் குழந்தை அகலமான கிண்ணத்திலிருந்து ஒல்லி டம்ளருக்குத் தண்ணீர் ஊற்றுகிறது. டம்ளர் வழிகிறது. கிண்ணத்தில் இன்னும் தண்ணீர் இருப்பதைக் குழந்தை உற்றுப் பார்க்கிறது. அப்போது பார்த்து, "இந்த டம்ளர் என்ன கலர், சொல்லு?" என்று கேட்போம். "சிவப்பு" என்று சொல்லிவிட்டுக் குழந்தை எழுந்து போய்விடும். கொள்ளளவைப் பற்றிய யோசனை அங்கேயே அறுந்தது. கேட்டதோ அதற்கு ஏற்கெனவே தெரிந்த நிறம்!

விளையாட்டுவழிக் கற்றலை அதிகம் கெடுப்பது இந்த மாதிரிக் கேள்விதான். முதல் இரண்டு மூன்று நிமிடம் பக்கத்தில் சும்மா உட்கார்ந்து பாருங்கள். பிறகு கண்டதை மட்டும் சொல்லுங்கள்: "டம்ளர் நிரம்பிடுச்சு, கிண்ணத்துல இன்னும் மிச்சம் இருக்கே!" ஆர்வம் தளர்ந்தால் ஒரு புனலையோ அடியில் ஓட்டை போட்ட டப்பாவையோ அருகில் வையுங்கள். செய்து காட்ட வேண்டாம். (தண்ணீர் இருக்கும்வரை இடத்தை விட்டு நகரக் கூடாது. சில அங்குல ஆழமே ஆபத்து.)

பொம்மைகளைக் கொட்டிக் குவிப்பதும் தவறு. 2018இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஒன்றரை முதல் இரண்டரை வயதுக் குழந்தைகள் 16 பொம்மைகள் இருந்தபோதைவிட 4 மட்டும் இருந்தபோது ஒவ்வொன்றோடும் அதிக நேரம், பல விதமாக விளையாடினார்கள். மீதியை எடுத்து வைத்து, அவ்வப்போது மாற்றுங்கள். மரக்கட்டைகளுக்கு மட்டும் இந்தக் கணக்கு ஒத்துவராது. பத்துக் கட்டையில் ஒரு கோபுரம்தான் எழும்பும். பாலமும் மதிலும் கட்ட நாற்பது, ஐம்பதாவது வேண்டும்.

இரண்டு வயதில் "சேர்ந்து விளையாடு, பகிர்ந்துகொள்" என்று வற்புறுத்துவது வீண். பக்கத்துப் பக்கத்தில் தனித்தனியாக விளையாடுவது அந்த வயதின் இயல்பு. அமெரிக்க ஆய்வாளர் மில்ட்ரெட் பார்ட்டன் 1932இலேயே இதைப் பதிவு செய்தார். ஒரே மாதிரிப் பொருளில் இரண்டு வைத்தால் பாதிச் சண்டை குறையும்.

வரைந்தால் ஸ்டிக்கர் தருவேன் என்பதும் வேண்டாம். 1973இல் வெளியான ஆய்வில், பரிசு உண்டு என்று முன்பே தெரிந்து வரைந்த குழந்தைகள் பின்னர் தாமாக வரைவது குறைந்தது.

கடைசியாக, நேரம். கடை விளையாட்டில் யார் கடைக்காரர் என்று முடிவாகவே பத்துப் பதினைந்து நிமிடம் போகும். இருபதாவது நிமிடத்தில் மணி அடித்தால் வியாபாரமே தொடங்கியிருக்காது. நாற்பத்தைந்து நிமிடமாவது தொடர்ச்சியாக விடுங்கள். முடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போதே சொல்லிவிடுங்கள். பாதியில் நிற்கும் கட்டடத்தைக் கலைக்காமல் மறுநாள்வரை வைக்க ஒரு மூலையும் ஒதுக்குங்கள்.