பழைய பந்தயக் காரை வால் பக்கமிருந்து படிப்பது எப்படி?

ஒற்றை இருக்கைப் பந்தயக் காரைப் பற்றி எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் குதிரைத்திறனில்தான் தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். பெங்களூரு சர்ச் ஸ்ட்ரீட்டில் பழைய புத்தகக் கடையொன்றில் கிடைத்த, 1950-களின் இத்தாலியப் பந்தயக் காரான மசெராட்டி 250எஃப்-இன் படத்தை, ஜே.சி. ரோட்டில் பட்டறை வைத்திருக்கும் ஆம்பூர்க்காரர் ஒருவரிடம் காட்டினேன். எஞ்சினைப் பற்றி நான் ஒப்பித்த எதையும் அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கிரீஸ் படிந்த விரல் படத்தில் பட்டுவிடாமல் தூக்கிப் பிடித்தபடி, "டேங்க்கை எங்க சார் வெச்சிருக்கான்?" என்றார்.

நீங்களும் அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குங்கள். 250எஃப் காரின் வால் பருத்திருப்பது அழகுக்காக அன்று. எரிபொருள் டேங்க் அங்கேதான் இருக்கிறது. எஞ்சின் முன்னால், கியர்பாக்ஸ் பின்னால், இரண்டையும் இணைக்கும் ஷாஃப்ட் ஓட்டுநரின் இருக்கைக்கு அடியில் என்ற அமைப்பைப் புரிந்துகொண்டால், ஓட்டுநர் ஏன் குதிரைமேல் அமர்ந்தவர்போல் தோள்வரை வெளியே தெரிகிறார் என்பதும் விளங்கிவிடும். டேங்க் நிறைந்திருக்கும்போது பாரம் பின் டயர்களை அழுத்துகிறது. எரிபொருள் குறையக் குறைய அந்தப் பாரமும் குறைகிறது. ஆகவே புறப்படும்போது ஓட்டியதும் முடிக்கும்போது ஓட்டுவதும் ஒரே கார் அல்ல என்றே சொல்லலாம். (ஆக்ஸிலேட்டர் நடுவிலும் பிரேக் வலப்புறமும் இருந்தன என்று நான் சொன்னபோதுதான் பட்டறைக்காரர் முதன்முறையாக முகம் சுளித்தார்.)

அடுத்து, கார் எந்த விதிக்காகப் பிறந்தது என்று பாருங்கள். 1954-இல் ஃபார்முலா ஒன் எஞ்சினின் அளவு 2.5 லிட்டர் என்று வகுக்கப்பட்டது. பெயரிலுள்ள 250 அதைக் குறிக்கிறது, எஃப் ஃபார்முலாவைக் குறிக்கிறது. வரிசையாக ஆறு சிலிண்டர்கள், சிலிண்டருக்கு இரண்டு ஸ்பார்க் பிளக், மூன்று வெபர் கார்புரேட்டர்கள், டிரம் பிரேக் என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். ஆனால் 1957 முடியும்வரை ஆல்கஹால் கலந்த எரிபொருளுக்கு அனுமதி இருந்தது என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். அது பெட்ரோலைவிட வெகுவேகமாகத் தீரும். டேங்க் அவ்வளவு பெரிதானதற்கு அதுவே காரணம்.

பிறகு ஒரே ஒரு பந்தயத்தை எடுத்துக்கொண்டு, அந்த அமைப்பை அதன்மேல் பொருத்திப் பாருங்கள். வெற்றிப் பட்டியல் முழுவதையும் எழுதுவதைவிட இதுவே பயன் தரும் என்பது என் கருத்து. இந்தக் காருக்கு 1957 ஆகஸ்ட் 4 அன்று நூர்பர்க்ரிங்கில் நடந்த ஜெர்மன் கிராண்ட் பிரீயைவிடப் பொருத்தமானது வேறில்லை. சுற்றுக்கு 22.8 கிலோமீட்டர் வீதம் 22 சுற்றுகள். ஃபெராரி ஓட்டுநர்களான ஹாத்தார்னும் காலின்ஸும் நிறுத்தாமலே ஓடி முடிக்கத் திட்டமிட்டார்கள். 250எஃப் காரை ஓட்டிய அர்ஜென்டினாக்காரர் ஃபாஞ்சியோ பாதி டேங்க்கோடும் மென்மையான டயர்களோடும் புறப்பட்டு, ஏறக்குறைய அரை நிமிட முன்னிலை பெற்று, 12-ஆம் சுற்றின் முடிவில் எரிபொருளுக்கும் டயருக்குமாக நிறுத்தினார். பிட்டில், அதாவது பந்தயத்தின் நடுவே காரை நிறுத்திக் கவனிக்கும் இடத்தில், வேலை இழுத்துக்கொண்டே போக, அவர் வெளியே வந்தபோது ஏறக்குறைய முக்கால் நிமிடம் பின்தங்கியிருந்தார். ஆயினும் 20-ஆம் சுற்றை 9 நிமிடம் 17.4 விநாடியில் ஓட்டினார். தகுதிச் சுற்றில் அவரே எடுத்திருந்த நேரத்தைவிட இது 8 விநாடிக்கு மேல் குறைவு. 21-ஆம் சுற்றில் இருவரையும் முந்தி, 3.6 விநாடி வித்தியாசத்தில் வென்றார். அப்போது அவருக்கு வயது 46. உலகச் சாம்பியன்ஷிப்பில் அதுவே அவருடைய கடைசி கிராண்ட் பிரீ வெற்றி. பருத்த வாலைப் பாதி காலியாக வைத்துப் புறப்பட்டதுதான் அன்றைய கணக்கின் அடிப்படை என்பதை நீங்கள் எழுதாவிட்டால், கதை வெறும் வீரக் கதையாகச் சுருங்கிவிடும்.

இதற்கு நேர்மாறான கார் ஒன்றையும் அருகில் வையுங்கள். 1958 ஜனவரி 19 அன்று அர்ஜென்டினாவில் ஸ்டிர்லிங் மாஸ் ஓட்டிய கூப்பர் காரின் எஞ்சின் ஓட்டுநருக்குப் பின்னால் இருந்தது. அளவு இரண்டு லிட்டருக்கும் சற்றுக் குறைவு. இருக்கைக்கு அடியில் ஷாஃப்ட் இல்லாததால் அவர் தாழ்வாக அமர முடிந்தது. வீல்களோ ஒவ்வொன்றும் நான்கு நட்டுகளில் நின்றவை, மாற்ற நேரமாகும். ஆகவே அவர் நிறுத்தவே இல்லை. டயரின் ரப்பர் தேய்ந்து உள்நூல் தெரிய ஓட்டி, முஸ்ஸோவின் ஃபெராரியை 2.7 விநாடி வித்தியாசத்தில் வென்றார். எஞ்சினைப் பின்னால் வைத்த கார் உலகச் சாம்பியன்ஷிப் பந்தயத்தில் பெற்ற முதல் வெற்றி அது.

கடைசியாக, சேஸிஸ் எண், அதாவது ஒவ்வொரு காரின் சட்டத்துக்கும் தனியாகத் தரப்படும் எண். "ஃபாஞ்சியோவின் கார்" என்று பொத்தாம்பொதுவாக எழுத வேண்டாம். 250எஃப் ஒன்றல்ல, பல. நூர்பர்க்ரிங்கில் ஓடியதன் எண் 2529. அக்காலத்தில் எண் தகடு ஒரு காரிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதும், விபத்துக்குப் பின் பழைய எண்ணில் புதிய சட்டம் வருவதும் சகஜம். அதனால் படத்திலுள்ள காரின் எண்ணையும் அது ஓடிய பந்தயத்தின் தேதியையும் தனித்தனியே சரிபார்த்து, இரண்டும் ஒத்துப்போனால் மட்டுமே ஒரே வாக்கியத்தில் சேருங்கள்.