செம்மண்ணில் போர்க்லிஃப்ட் ஓட்டும்போது

களஞ்சியத் தரையில் ஓடும் சின்னச் சில்லுப் போர்க்லிஃப்டை மாரி மழைக்குப் பிறகு யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் உள்ள உரும்பிராய்ச் செம்மண்ணில் இறக்கினால் கொஞ்சத் தூரத்திலேயே புதைந்துவிடும். கரடுமுரடான நிலத்துக்கென்று செய்த வண்டிக்கு ஆழமாகப் பல் வெட்டிய பெரிய ரயர், உயரமான அடிப்பாகம், இரு பக்கச் சில்லையும் ஒன்றாகச் சுழலவைக்கும் டிஃப் லொக், பலவற்றில் நாலு சில்லு இழுவையும் இருக்கும். இவை புதையாமல் காப்பவை. கவிழாமல் காப்பது ஓட்டுபவரின் கை.

பின் அச்சு நடுவில் ஒரு முளையில் ஆடும். அதனால்தான் பள்ளத்திலும் நாலு சில்லும் நிலத்தைத் தொடுகின்றன. ஆனால் வண்டி உண்மையில் நிற்பது மூன்று புள்ளிகளில்: முன் சில்லு இரண்டு, பின்னால் அந்த முளை. பாரம் உயர உயர, கொஞ்சச் சரிவே வண்டியும் பாரமும் சேர்ந்த எடையின் நடுவை அந்த முக்கோணத்துக்கு வெளியே தள்ளிவிடும்.

கணக்காகப் பாருங்கள். முன் சில்லுகளுக்கு இடையே 150 செ.மீ. ஒரு பக்கம் காற்றுக் குறைந்தோ மண் அமிழ்ந்தோ 2.5 செ.மீ. இறங்கினால், 4 மீற்றர் உயரத்தில் பாரம் 6 செ.மீ.க்கு மேல் பக்கவாட்டில் நகர்ந்திருக்கும். ஆகவே காலையில் முதல் வேலை ரயர்க் காற்று. வலிகாமத்து வளவுகளில் மூடிய பழைய மலசலகூடக் குழி எங்கே இருக்கிறதென்று வீட்டுக்காரரிடம் கேட்டு, தடி நட்டு அடையாளம் வையுங்கள்.

50 கிலோ சீமெந்துப் பை 40 ஏற்றிய பலட்டில் (பாரம் அடுக்கும் தட்டில்) சீமெந்து மட்டும் 2,000 கிலோ. 2,500 கிலோ தூக்கும் வண்டி என்றால், பாரத்தின் நடு, போர்க்கின் (தூக்கும் இரும்புக் கரங்களின்) நிமிர்ந்த முதுகிலிருந்து 50 செ.மீ.யில் இருக்கும்போது மட்டுமே அந்தக் கணக்கு. நீளமான பாரம் நடுவை வெளியே தள்ளும், தூக்கும் அளவு குறையும். வண்டித் தகட்டில் உள்ள அட்டவணையே முடிவு.

ஓடும்போது போர்க் நிலத்திலிருந்து 20–30 செ.மீ., போர்க் ஏறி இறங்கும் கம்பமான மாஸ்ற் பின்சாய்வில். சரிவில் பாரம் எப்போதும் மேட்டுப் பக்கம்: ஏறும்போது முன்னால், இறங்கும்போது ரிவர்ஸில். வெறும் வண்டிக்கு இது தலைகீழ். சரிவில் திருப்பவே கூடாது.

வெறும் வண்டிதான் சேற்றில் அதிகம் சிக்கும். எடை பின்னால் இருப்பதால் முன் சில்லு சுழலும். செம்மண் பல்லிடுக்கில் அப்பி ரயர் வழுவழுப்பாகிவிடும்; சுரண்டி எடுத்தால்தான் பிடிக்கும். டிஃப் லொக்கைச் சேற்றில் இறங்கும் முன்பே, நேராக நிற்கும்போது போடுங்கள். திருப்பும் முன் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஸ்ரியரிங் கேட்காது, அச்சும் நோகும்.

ஒழுங்கை முடக்கில் பின் சில்லு திரும்புவதால் பின்பக்கம் வெளியே வீசும். மதில் உடைவது அப்படித்தான். உள்மூலையை ஒட்டி, மெதுவாகத் திருப்புங்கள்.

கவிழத் தொடங்கினால் குதிக்காதீர்கள். குதித்தவர் மேல்தான் கூரைச்சட்டம் விழும். பெல்ற் போட்டபடி ஸ்ரியரிங்கை இறுக்கிப் பிடித்து, காலை ஊன்றி, விழும் பக்கத்துக்கு எதிரே சாயுங்கள்.