ஜிஞ்சர் பியரைப் போத்தலில் அடைக்கும்போது நேரும் கோளாறுகள்

சென்ற கச்சான் காற்று வீசும் காலத்தில் ஒரு நள்ளிரவு, எங்கள் குசினியில் நான் அடைத்து வைத்திருந்த ஜிஞ்சர் பியர்ப் போத்தல் வெடித்தது. விடிந்தபின் பார்த்தபோது, மூலையில் கிடந்த தேங்காய் மட்டையில் கண்ணாடித் துண்டொன்று ஒரு விரற்கடை ஆழத்துக்குப் பதிந்திருந்தது.

தயாரிப்பு எளிது. நசுக்கிய இஞ்சி 150 கிராமையும் சீனி 200 கிராமையும் ஒரு லீற்றர் தண்ணீரில் கால் மணித்தியாலம் கொதிக்க விட்டு, ஆறியபின் கொதித்தாறிய தண்ணீர் இன்னொரு லீற்றரும் இரண்டு தேசிக்காயின் சாறும் சேர்த்து, துணியில் வடித்து, கால் தேக்கரண்டி ஈஸ்ட் கலக்கவும். விரலை விட்டால் சூடு தெரியாத அளவுக்கு ஆறியிருக்க வேண்டும். சூட்டில் போட்டால் ஈஸ்ட் செத்துவிடும், எத்தனை நாள் காத்திருந்தாலும் வாயு ஏறாது.

நான் இடறியது அடுத்த படியில், போத்தலில் அடைப்பதில். ஈஸ்ட் சீனியைத் தின்றுதான் வாயுவை உண்டாக்கும். பியர் காய்ச்சுவோர் முதலில் முழுமையாக நொதிக்க விட்டு, அடைக்கும்போது லீற்றருக்கு 6 முதல் 8 கிராம் சீனி மட்டுமே சேர்ப்பார்கள். அது தீர்ந்ததும் வாயு உண்டாவது நின்றுவிடும். நம்முடையதில் லீற்றருக்கு 100 கிராம் சீனி இருப்பதால், ஈஸ்ட் தானாக நிற்கும் முன்னரே போத்தல் தோற்றுவிடும். நான் பாவித்ததோ பழைய சாராயப் போத்தல். வாயுவின் அழுத்தத்தைத் தாங்க அது செய்யப்பட்டதே அல்ல.

ஆகவே சோடா விற்ற பிளாஸ்டிக் போத்தலைத்தான் நான் சிபாரிசு செய்வேன். கண்ணாடி அழகுதான், ஆனால் அதை அமுக்கிப் பார்க்க முடியாது. இரண்டு விரற்கடை இடம் விட்டு நிரப்பி, இறுக மூடி, நிழலில் வைத்து, நான்கைந்து மணித்தியாலத்துக்கு ஒருமுறை அமுக்கிப் பார்க்கவும். திருகோணமலை வெக்கையில் ஒரே நாளுக்குள் போத்தல் கல்லாகிவிடும். குளிர்நாட்டுக் குறிப்புகள் சொல்லும் மூன்று நாட்களை இங்கே நம்பக்கூடாது. கல்லானதும் உடனே குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்து, ஒரு வாரத்துக்குள் குடித்துவிடவும். சிறிதளவு மதுசாரம் உண்டாகும் என்பதால் பிள்ளைகளுக்கு நான் கொடுப்பதில்லை.

திறக்கும்போது பொங்கினால், இஞ்சிச் சக்கை சரியாக வடிபடவில்லை அல்லது போத்தல் போதுமான அளவு குளிரவில்லை என்பது காரணமாக இருக்கலாம். மூடியைக் கால் திருகு தளர்த்தி, நுரை ஏறியதும் மீண்டும் இறுக்கி, அது அடங்கியபின் திரும்பத் தளர்த்தவும். எனக்கு ஒருமுறை ஏழு தடவை அப்படிச் செய்ய நேர்ந்தது. ஏற்கெனவே கண்ணாடியில் அடைத்துவிட்டவர்கள், தடித்த சாக்கைச் சுற்றி, முகத்தை விலக்கி, குளிரவைத்த பின்னரே மூடியைத் தொடவும்.

பின்னர் சேர்த்தது: உப்புவெளியில் இதைச் செய்து பார்த்த ஓர் அக்காவின் வீட்டில், நீண்ட மின்வெட்டின்போது, குளிரில் உறங்கிய ஈஸ்ட் மீண்டும் விழித்து, போத்தலின் அடி உருண்டு அது நிற்க மாட்டாமல் சாய்ந்துவிட்டதாம். மின்சாரம் போனால் ஒவ்வொரு மூடியையும் சற்றுத் தளர்த்தி, வாயுவை வெளியேற்றிவிட்டு மறுபடி இறுக்கவும்.