கர்த்தர் செக்ரோல் எழுதுவதில்லை: விசுவாசத்தையும் கிரியையையும் பற்றிச் செய்யக்கூடாத தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு வீட்டு ஜெபக்கூட்டம். மத்தேயு 20-ஐ வாசித்தோம். விடியலிலிருந்து திராட்சத்தோட்டத்தில் வெயிலில் காய்ந்தவனுக்கும் சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்தவனுக்கும் ஒரே கூலி. ரப்பர் தோட்டத்தில் முப்பது வருஷம் பால் வெட்டிய அக்கா ஒருவர் பைபிளை மடியில் கவிழ்த்து வைத்தார். "எங்க கிராணி (தோட்டத்துக் கணக்கர்) இப்படிக் கணக்கு போட்டிருந்தா பெரட்டுல (காலை ஆள்கணக்கில்) அடிதடியே நடந்திருக்கும், தம்பி" என்றார். எல்லாரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

அந்தக் கோபம் வராதவருக்கு, கிரியையால் அல்ல, விசுவாசத்தால் நீதிமானாக்கப்படுகிறோம் என்ற இந்த உபதேசம் இன்னும் புரியவில்லை என்பேன். இருட்டோடு எழுந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் மர நிரையில் இறங்கி, பாலை எடை போட்டு, கிராணி செக்ரோலில் (வேலைக் கணக்குப் பதிவேட்டில்) எழுதியதைக் கண்ணால் பார்த்தால்தான் நமக்கு நிம்மதி. பவுலும் கூலி என்ற சொல்லைத்தான் எடுக்கிறார்: "கிரியை செய்கிறவனுக்கு வருகிற கூலி கிருபையென்றெண்ணப்படாமல், கடனென்றெண்ணப்படும்" (ரோமர் 4:4). உழைத்தவனுக்குத் தருவது தர்மம் இல்லை, பாக்கி. தேவனை அப்படிப் பாக்கிக்காரராக நிறுத்த முடியாது என்பதே அவர் வாதம். ஆபிரகாம் விசுவாசித்தான், அது அவனுக்கு நீதியாக "எண்ணப்பட்டது". மூல கிரேக்கச் சொல் கணக்கில் வரவு வைப்பதற்கும் வழங்கியது. நம் "எண்ணு"விலும் நினைப்பு, கணக்கு இரண்டும் உண்டு.

"நீதிமானாக்குதல்" என்ற சொல்லில் வரும் "ஆக்குதல்"தான் பலரை வழுக்கி விடுகிறது. சோறு ஆக்குவதுபோல, நம்மைக் கொஞ்சம் கொஞ்சமாக நல்லவராக்கிய பிறகு ஏற்றுக்கொள்கிறார் என்று நினைத்துவிடுகிறோம். பவுலின் சொல் நீதிமன்றத்துச் சொல். நீதிபதி தீர்ப்புச் சொல்வதுபோல, "நீ நீதிமான்" என்று அறிவிப்பது. வாழ்க்கை மாறுவது அதற்குப் பின்னால் வருகிறது.

ஆனால் நான் அதிகம் பார்ப்பதும், நானே செய்ததுமான தவறு வேறு. பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கவில்லை என்று அழுத ஒரு தாயிடம், "இன்னும் உறுதியா விசுவாசிங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் சுருங்கியது. கிரியையை வாசல் வழியாக வெளியே அனுப்பி, "விசுவாசம்" என்று பேர் மாற்றி ஜன்னல் வழியாக உள்ளே விட்டிருந்தேன். பால் எத்தனை கிலோ என்று எடை போட்டதுபோல விசுவாசத்தை நிறுக்கத் தொடங்கினால் அதுவும் கூலிதான். எபேசியர் 2:8 பாருங்கள்: "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு". இரட்சிப்பது கிருபை, விசுவாசம் அதை வாங்கும் வெறுங்கை. கை நடுங்கினாலும் வாங்கலாம்.

"அப்படியானால் எப்படியும் வாழலாமா?" என்று கேட்பார்கள். பவுலுக்கே வந்த கேள்விதான் (ரோமர் 6:1). எபேசியரில் எட்டு, ஒன்பதோடு நிறுத்திவிடுகிறோம். பத்தாம் வசனம் நற்கிரியைகளுக்காகவே நாம் சிருஷ்டிக்கப்பட்டோம் என்கிறது. விசுவாசத்தினால் மட்டுமல்ல, கிரியைகளினாலும் மனுஷன் நீதிமானாக்கப்படுகிறான் என்கிற யாக்கோபு 2:24-ஐக் காட்டி மடக்குகிறவர்களும் உண்டு. யாக்கோபு பேசுவது பிசாசுகளுக்கும் இருக்கிற வெறும் நம்பிக்கையைப் பற்றி. அவர் காட்டுவது ஆபிரகாம் ஈசாக்கைப் பலியிடப் போனது, ஆதியாகமம் 22-இல். பவுல் காட்டும் "நீதியாக எண்ணப்பட்டது" என்ற தீர்ப்பு 15:6-இல், பல வருஷம் முந்தி. மரம் முதலில், காய் பிறகு.

கடைசியாக, கத்தோலிக்கர் கிரியையால் இரட்சிப்பை விலைக்கு வாங்குகிறார்கள் என்று பேசுவதை விட்டுவிடலாம். கிருபை இல்லாமல் சொந்தக் கிரியையால் நீதிமானாகலாம் என்பதை கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்து சங்கமே 1547-இல் கண்டித்தது. விசுவாசம் மட்டுமா என்பதில் சீர்திருத்தச் சபைகளுக்கு வித்திட்ட லூத்தரோடு அவர்களுக்கு உண்மையான வேறுபாடு இருந்தது. ஆனாலும் 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க்கில் லூத்தரன் உலக சம்மேளனமும் கத்தோலிக்க சபையும் அடிப்படை உண்மைகளில் ஒத்துக் கையெழுத்திட்டன. 2006-இல் மெதடிஸ்டுகளும் சேர்ந்தார்கள். என் அத்தை கத்தோலிக்கர். ஜூலையில் புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் கோயிலுக்கு மெழுகுவர்த்தி ஏற்றப் போவார். என்ன வேண்டுதல் என்று ஒருமுறை கேட்டேன். "ஒன்னும் கேக்கலடா, நன்றி சொல்லத்தான் போறேன்" என்றார்.