பரணில் கிடந்த பிஸ்கட் டின்

பாளையங்கோட்டை வீட்டுப் பரணில் ஒரு டின் நிறைய பழைய போன், சார்ஜர், ஒயர். ஒரு போனின் பேட்டரி பூரி மாதிரி உப்பி, பின்மூடியையே தள்ளிக்கொண்டு நின்றது. உள்ளே வாயு சேர்ந்தால் இப்படித்தான். குத்தினால் தீப்பிடிக்கும், அதனால் தொந்தரவு செய்யாமல் ஒரு வாளி மணலில் தனியாக வைத்தேன். ஆச்சிக்கு ஒரே சிரிப்பு.

ஒயரைப் பழைய இரும்புக்கடை அண்ணாச்சி எடைக்குக் கேட்டார். செம்புக்காகக் கொளுத்துவார்கள், மேலுறையான பிவிசி பிளாஸ்டிக் எரியும் புகையில் டையாக்சின் என்ற நச்சு வரும் என்பதால் கொடுக்க மனசு வரவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள மின்கழிவு விதிகளின்படி மறுசுழற்சிப் பொறுப்பு தயாரிப்பாளருக்கு என்று. கம்பெனிக்குப் போன் போட்டேன், முதலில் மழுப்பினார்கள், விதியைச் சொன்னதும் ஜங்ஷன் பக்கம் உள்ள சர்வீஸ் சென்டரில் வாங்கிக்கொண்டார்கள். சிம், மெமரி கார்டை எடுத்து, உயிரோடிருந்த போன்களை ரீசெட் செய்துதான் கொடுத்தேன்.

காலி டின்னை ஆச்சி முறுக்குக்குக் கேட்கிறாள். தருவதாக இல்லை.